உதவிப் பக்கம் யாருக்கு உதவுகிறது?

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்றாகிய அம்மாபேட்டை, நெசவாளர்களின் இருப்பிடம் என்பதை நேயர்கள் அறிவார்கள். கைத்தறியும் விசைத்தறியும் அங்கே அக்கம்பக்கமாய் ஓடுகின்றன. அவ்வூரின் பெயரைச் சொல்லிக்கொண்டு, வலைத்தளங்களில் 'உதவி' என்று தலைப்பிட்டிருக்கும் பக்கத்தைப் பற்றி நாம் எழுதப் புகுந்தது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். பட்டணத்துப் பொறியாளர்கள் கவனிக்கவேண்டிய விஷயத்துக்கும் தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்பார்கள். இருபது வருஷங்களுக்கு முன் அக்கேள்வி நியாயமே. இன்றோ மின்கட்டணம், பட்டா, குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு ஆகிய யாவும் கைத்தொலைபேசியின் கண்ணாடிக்குள் புகுந்துவிட்டன. முன்பு ஆபீஸ் ஜன்னலுக்கு அப்பால் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். அவர் கடுகடுத்தாலும் மனிதர். கேள்வி புரியாவிட்டால் திருப்பிக் கேட்பார். அந்த ஜன்னலின் ஸ்தானத்தில் இப்பொழுது உதவிப் பக்கம் இருக்கிறது. அது திருப்பிக் கேட்பதில்லை. ஆகையால் முதலிலேயே சரியாக அமைந்திருக்கவேண்டியது அதன் கடமை.

மின்சாரத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச் முதல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 1000 யூனிட்டாகவும், கைத்தறிக்கு 200 யூனிட்டாக இருந்தது 300 யூனிட்டாகவும் உயர்த்தப்பட்டது. நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் இச்சலுகை ஒருவருக்குக் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் அவருடைய இணைப்பு எந்த விகிதப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. விசைத்தறிக்குரிய பட்டியலுக்குக் கட்டண ஆணையில் உள்ள பெயர் 'மூன்று-ஏ-2'. இப்பெயரை எந்த நெசவாளர் தேடுவார்? "என் தறிக்கு இலவச யூனிட் ஏன் கழியவில்லை?" என்றுதான் அவர் கேட்பார். உதவிப் பக்கத்தில் 'விகிதப் பட்டியல் மாற்றம்' என்று மட்டும் எழுதிவைத்தால், விடை அங்கேயே இருந்தும் அவருக்கு இல்லாததற்குச் சமானம். பக்கத்துக் கணினிக் கடைக்காரர் ஐம்பதோ நூறோ வாங்கிக்கொண்டு அவருக்காகத் தேடிக் கொடுப்பார். இலவச மின்சாரத்தைக் கேட்டுப் பெறுவதற்கு இப்படி ஒரு கட்டணம்!

வீட்டு இணைப்புக்காரரின் சங்கடம் வேறு விதமானது. 2022 செப்டம்பர் 10-ல் அமலுக்கு வந்த விகிதங்களின்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவிட்ட வீட்டுக்குக் கட்டணம் 1725 ரூபாய். 510 யூனிட் செலவிட்ட வீட்டுக்கோ 2030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாயா என்று குடும்பத் தலைவர் திடுக்கிடுவதில் வியப்பில்லை. மீட்டரில் கோளாறு, அல்லது கணக்கெடுக்க வந்தவரின் மோசடி என்றே அவர் நினைப்பார். உண்மை என்னவெனில், 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குரிய 2 ரூபாய் 25 காசு விகிதம் மறைந்து, அவையும் 4 ரூபாய் 50 காசு விகிதத்தில் கணக்கிடப்பட்டன. தாண்டிய யூனிட்டுகளுக்கு 8 ரூபாயாக இருந்தது. 2024-ல் விகிதங்கள் உயர்ந்தபோதும் இப்படிமுறை அப்படியே இருந்தது. இதை விளக்க மேலே நாம் செலவிட்ட வரிகள் எத்தனை? நான்கைந்துதான். 'பில் திடீரென்று ஏன் உயர்ந்தது?' என்ற தலைப்பின்கீழ் அந்த வரிகளும் ஒரு சிறு கணக்கும் இருந்தால், பிரிவு அலுவலகத்தில் நடக்கும் சச்சரவுகளில் ஒரு பகுதி நடவாமலே போகும். முழுக் கட்டண ஆணையையும் நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஏற்றிவைத்துவிட்டு 'காண்க' என்பது ஜனங்களுக்கு உதவி செய்வதாகாது.

இதைவிட அபாயகரமான விஷயம் ஒன்று உண்டு. 2022-ல் தேசமெங்கும் கைத்தொலைபேசிகளுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்துகொண்டிருந்தது. 'சென்ற மாதத்துக் கட்டணம் பதிவாகவில்லை. இன்றிரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும். உடனே இந்த அதிகாரியை அழையுங்கள்' என்பது அதன் சாரம். பயந்து அழைத்தவர்களிடம் ஏதோ ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்லி, வங்கிக் கணக்கிலிருந்த பணத்தைக் களவாடினார்கள். மின்வாரியங்கள் எச்சரிக்கை வெளியிட்டன. சைபர் குற்றத்துக்கு 1930 என்ற எண்ணும் இருக்கிறது. இவையெல்லாம் சரி. ஆனால் களவு நடப்பதற்கு முன் அந்தப் பத்து நிமிஷங்களில் மனிதன் என்ன செய்கிறான்? உண்மையான எண் எது என்று தேடுகிறான். வலைத்தளத்தின் முகப்பில் அது கண்ணில் படாவிட்டால் தேடுபொறியில் தேடுகிறான். திருடர்கள் தங்கள் எண்ணை 'வாடிக்கையாளர் சேவை' என்ற பெயரில் அங்கே முன்கூட்டியே விதைத்து வைத்திருக்கிறார்கள். வங்கி, ரெயில் டிக்கெட், சமையல் வாயு என்று எந்த ஸ்தாபனத்தின் பெயரையும் அவர்கள் விட்டுவைப்பதில்லை. தன் எண்ணைத் தன் வீட்டு வாசலில் எழுதிவைக்காத ஸ்தாபனம், தன் வாடிக்கையாளனைத் திருடனின் வாசலுக்கு அனுப்புகிறது. இதைக் கடுமையான வார்த்தை என்று யாரேனும் சொன்னால், பணத்தை இழந்தவர்களிடம் அவர்கள் போய்ச் சொல்லட்டும்.

தமிழ்நாட்டு மின் பகிர்மானக் கழகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் 'மின்னகம்' என்னும் சேவை 2021 ஜூனில் தொடங்கப்பட்டது. மனத்தில் நிற்கக்கூடிய எண், தமிழ்ப் பெயர், இரண்டும் நல்ல யோசனைகள். இப்படிப்பட்ட எண் வலைத்தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும், ஒரே இடத்தில், விரலால் தொட்டால் அழைப்புப் போகும்படி இருக்கவேண்டும். எண்ணைப் படமாக வரைந்து வைத்தால் தொட்டும் பயனில்லை. பார்வையற்றவருக்குப் படித்துக்காட்டும் மென்பொருளுக்கும் அது புலப்படாது. இது நமது சொந்த ஆசை மட்டுமன்று. வலைத்தளங்களுக்குப் பொது விதிகளை வகுக்கும் சர்வதேச ஸ்தாபனமான டபிள்யூ-3-சி, 2023 அக்டோபரில் வெளியிட்ட அணுகல் நெறிகளில் 3.2.6 என்று இலக்கமிட்டு ஒரு விதியைப் புதிதாகச் சேர்த்தது. உதவிக்கான வழி ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் இருந்தால், அது எல்லாப் பக்கங்களிலும் ஒரே வரிசைக்கிரமத்தில் அமைந்திருக்கவேண்டும் என்பதே அவ்விதி. மிகவும் அடிப்படையான படித்தரத்திலேயே அதை வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் சர்க்கார் வலைத்தளங்களுக்கென்று 2009-ல் வழிகாட்டி நெறிகள் வெளிவந்தன. 2018-லும் 2023-லும் அவை திருத்தப்பட்டன. விதிகளுக்கு நம் தேசத்தில் என்றும் பஞ்சமிருந்ததில்லை.

இவ்விஷயத்தில் ஆங்கிலேயரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. சொல்லுவதில் நமக்கு வெட்கமில்லை. அவர்களுடைய ஆட்சியைத்தான் வேண்டாமென்றோமே தவிர, நல்ல ஏற்பாட்டை வேண்டாமென்னவில்லை. 2012 அக்டோபரில் பிரிட்டிஷ் சர்க்கார் தன் இலாகாக்களின் தனித்தனி வலைத்தளங்களை ஒரே தளத்தின்கீழ்க் கொண்டுவரத் தொடங்கியது. பிரஜைக்கு என்ன தேவை என்பதிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட முதல் கொள்கை. 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்ற பகுதியையே வைக்கவேண்டாம் என்று தங்கள் எழுத்தாளர்களுக்கு அறிவுரை கூறினார்கள். காரணம் நியாயமானது. அப்பகுதியில் உள்ள கேள்விகளில் பல யாரும் கேட்காதவை. ஆபீஸார் தாங்கள் சொல்ல விரும்பியதைக் கேள்வியாக்கி எழுதிக்கொண்டவை. "இத்திட்டத்தின் நோக்கங்கள் யாவை?" என்று எந்தக் குடியானவன் எந்த அதிகாரியைக் கேட்டிருக்கிறான்? விடை எந்தப் பக்கத்துக்குரியதோ அந்தப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். கட்டணம் செலுத்தும் இடத்தில், 'பணம் கழிந்துவிட்டது, ரசீது வரவில்லை; என்ன செய்வது?' என்பதற்கான பதில் அடுத்த வரியாக நிற்கவேண்டும்.

இனி பாஷை. இங்கே நமக்கு ஒரு தொல்லை உண்டு. தேடும் பெட்டியில் ஒருவர் 'மின்கட்டணம்' என்று சேர்த்து எழுதுவார். மற்றொருவர் 'மின் கட்டணம்' என்று பிரிப்பார். மூன்றாமவர் 'கரண்ட் பில்' என்பார். பக்கத்திலோ 'மின்கட்டணத்தைச் செலுத்துதல்' என்று வேற்றுமை உருபும் ஒற்றும் சேர்ந்து நிற்கும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரம் இவற்றை வெவ்வேறு சொற்களாகக் கருதி, 'முடிவுகள் இல்லை' என்று கைவிரித்துவிடும். புணர்ச்சி இலக்கணம் அறியாத இயந்திரத்துக்கு அதைக் கற்பிக்கவேண்டியது அதை நிறுவியவரின் பொறுப்பு. ஜனங்கள் பேசும் சொற்களைச் சேகரித்து ஒவ்வொரு விடையோடும் இணைத்துவைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அலுவலகத்துக்கு வரும் தொலைபேசிப் புகார்களை எடுத்துப் பார்த்தால் அச்சொற்கள் அங்கேயே குவிந்து கிடக்கும். 2010 ஜூனில் தமிழ்நாட்டு சர்க்கார் யூனிகோடு முறையை அங்கீகரித்து ஆணையிட்டது. அதன் பிறகும் பழைய எழுத்துருவிலோ, ஸ்கான் செய்த காகிதப் படமாகவோ தமிழ் ஆவணங்களை ஏற்றினால் அவற்றைத் தேடவும் முடியாது. கைத்தொலைபேசியில் படிப்பதும் கடினம். இங்கிலீஷில் எழுதி, பிறகு அவசரமாய் மொழிபெயர்த்த தமிழைப் பற்றித் தனியே ஒரு கட்டுரைதான் எழுதவேண்டும், இப்பொழுது விட்டுவிடுகிறோம்.

உதவிப் பக்கத்தில் எளிதில் மறைந்துபோகும் பகுதி, புகார் தீராவிட்டால் அடுத்தபடி எங்கே போவது என்பது. 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தையும் அதற்கு மேல் குறைதீர்ப்பாளர் ஒருவரையும் ஏற்படுத்தியிருக்கிறது. பிரிவு அலுவலகத்தில் அலுத்துப்போனவர் அங்கே போகலாம். வலைவழி வியாபாரம் செய்யும் கம்பெனிகளுக்கோ 2020-ஆம் வருஷத்து விதிகள் உண்டு. புகார் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளிப்படையாகக் காட்டவேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கவேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். அம்மாபேட்டை நெசவாளர் வலைவழியே நூலோ சாமானோ வாங்கி ஏமாறும்போது, அவர் தேடவேண்டியது இந்த அதிகாரியின் பெயரைத்தான். அதைப் பக்கத்தின் அடிவாரத்தில் எறும்பு எழுத்தில் போட்டுவைப்பது சட்டத்தின் எழுத்துக்குப் பணிவதாகலாம். அதன் கருத்துக்குப் பணிவதாகாது. கம்பெனி செவிசாய்க்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது என்பதையும் நம் ஊழியர்கள் தெருத்தெருவாய்ச் சொல்லவேண்டும்.

பக்கத்தைச் சீர்செய்வதற்குப் பதில், பேசும் இயந்திரம் ஒன்றை மூலையில் நிறுத்திவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். விடையே ஒழுங்காக எழுதப்படாத இடத்தில் இயந்திரம் எதைப் பார்த்துப் பேசும்? மேலும், "மன்னிக்கவும், புரியவில்லை" என்று அது மூன்றாம் முறை சொல்லும்போது மனிதக் குரலுக்குப் போக ஒரு வழி வேண்டும். அவ்வழியைக் காட்டாமல் வட்டமடிக்க வைப்பது செலவைக் குறைக்கும் தந்திரமன்றி வேறில்லை.

செலவாகுமே என்ற ஆட்சேபமும் வரும். டென்மார்க்கைச் சேர்ந்த ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000-ஆம் வருஷத்தில் எழுதிய கட்டுரையொன்றில், ஐந்தே பேரை உட்காரவைத்துப் பார்த்தால் ஒரு தளத்தின் பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார். ஐந்து பேருக்கு நமக்குப் பஞ்சமா? விசைத்தறி ஓட்டுபவர் ஒருவர், கைத்தறிக்காரர் ஒருவர், பாவு ஓட்டும் அம்மாள் ஒருவர், மளிகைக் கடைக்காரர் ஒருவர், கண்ணாடி மறந்து வந்த பெரியவர் ஒருவர். அவரவர் கைத்தொலைபேசியிலேயே கேள்விகளைக் கொடுக்கவேண்டும்: இலவச யூனிட் கழியாததற்கு எங்கே புகார் செய்வது, பில் ஏன் உயர்ந்தது, பெயர் மாற்ற என்னென்ன காகிதம் வேண்டும், இரவு பத்து மணிக்கு மின்சாரம் நின்றால் யாரைக் கூப்பிடுவது. பொறியாளர் பக்கத்தில் வாய் திறவாமல் அமர்ந்து, அவர்கள் விரல் எங்கே தயங்குகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். ஸ்தாபனத்தார் முன்வராவிட்டால் நம் வார்டு ஊழியர்களே இதை நடத்தி, குறிப்புகளைச் சேலம் வட்ட மேற்பார்வைப் பொறியாளருக்கும் சென்னைக்கும் அனுப்பலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளே இதற்கு உகந்தது. அன்று பகலில் விசைத்தறிகள் ஓடா, ஆட்களும் வீட்டிலிருப்பார்கள்.