நிரற் களஞ்சியங்களில் பெயரும் உடைமையும்

ஒரு பெயர் தான் சுட்டும் பொருளை எவ்வாறு இனங்காட்டுகிறது என்பது மொழியியலில் பழைய வினா. நிரல்களையும் மொழித் தரவுகளையும் பலர் கூடிப் பேணும் கணிப்பொறிக் களஞ்சியங்களில் அது நடைமுறைச் சிக்கலாகிறது. 2008-இல் தொடங்கப்பெற்ற கிட்ஹப் தளத்தில் களஞ்சியத்தின் முகவரி ஈருறுப்புகளால் ஆனது. முன்னது உடையவர் பெயர். பின்னது களஞ்சியத்தின் பெயர். ஆறாம் வேற்றுமைத் தொகை போன்ற அமைப்பு இது. உடையவர் மாறினால், உள்ளிருக்கும் பொருள் மாறாதபோதும் முகவரி மாறிவிடும்.

பன்மொழித் தொடரியல் தரவகங்களைத் தொகுக்கும் யுனிவர்சல் டிபென்டென்சிஸ் திட்டம் தக்க சான்றாகும். அதில் 600 தொடர்களைக் கொண்ட தமிழ்த் தரவகம் முதலில் 'யூடி_தமிழ்' என்றே வழங்கியது. ஒரு மொழிக்கு ஒரு தரவகமே என்னும் எண்ணம் அப்பெயரில் அடங்கியுள்ளது. 2018-இல் தரவகக் குறுக்கமும் சேர்க்கப்பட்டு 'யூடி_தமிழ்-டிடிபி' ஆயிற்று. பின்னர் 534 தொடர்களுடன் 'யூடி_தமிழ்-எம்டபிள்யூடிடி' வந்து சேர்ந்தபோது, அவ்வொட்டு இன்றி இரண்டையும் வேறுபடுத்த இயலாது என்பது தெளிவாயிற்று. பழைய கட்டுரைகளில் வெறும் 'யூடி_தமிழ்' எனக் காண்போர் முன்னதையே கொள்ளவேண்டும்.

பெயர் மாறியபின் பழைய முகவரியை நாடுவோரைத் தளமே புதிய முகவரிக்கு அனுப்புகிறது. இவ்வசதி நிலையானதன்று. பழைய முகவரியில் வேறொரு களஞ்சியம் தோன்றியவுடன் அது அற்றுப்போகும். உடையவர் தம் கணக்கின் பெயரை மாற்றிக்கொண்டால், கைவிடப்பட்ட பெயரைப் பிறர் எடுத்துக்கொள்ளவும் கூடும். மிகுதியாகப் பயன்பட்ட சில பெயர்களைத் தளம் விலக்கிவைப்பினும், சிறு சொற்பட்டியல்களுக்கு அக்காப்பு கிட்டும் எனக் கொள்வதற்கில்லை. அப்போது ஆய்வேட்டின் மேற்கோள் அயலார் பொருளைச் சுட்டும். படிக்கும் மனிதர் ஐயுறுவர். தானே தரவிறக்கும் நிரல் ஐயுறாது.

வெளிப்பாட்டு நிலையும் கருதத்தக்கது. பொதுக் களஞ்சியம் மறைவாக்கப்பட்டால் பிறர் எடுத்த பொதுக் கிளைப்படிகள் அழிவதில்லை. மூலத்தினின்று பிரிந்து நிற்கும். மூல ஏடு மறைந்து படிகள் எஞ்சிய சுவடி வரலாற்றை இது நினைவூட்டுகிறது. மறைவான களஞ்சியம் நீக்கப்படின் அதன் கிளைப்படிகளும் உடன் நீங்கும்.

ஒவ்வொரு மாற்றப் பதிவிற்கும் கிட் முறை தரும் 40 எழுத்திலக்கக் குறியீடு இங்கு உதவுகிறது. பார்வைக்கு அது இடுகுறி. உண்மையில் முழுக் காரணப்பெயர். உள்ளடக்கம், முந்தைய பதிவு, பதிந்தவர், காலம் ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுவதால் அவற்றுள் ஒன்று மாறினும் குறியீடு மாறும். களஞ்சியத்தின் பெயரும் உடையவரும் அக்கணக்கில் இடம்பெறா. ஆகவே எப்படியில் தேடினும் அதே குறியீடு அதே பதிவையே காட்டும். மேற்கோளில் முகவரியுடன் இதனையும் தருதல் வேண்டும். மேற்கூறிய திட்டத்தின் வெளியீடுகளுக்கோ பிராகா நகரின் லிண்டாட் காப்பகம் தனி நிலையடையாளம் வழங்குகிறது. வெளியீட்டு எண்ணுடன் அதனைக் குறித்தாலே போதும்.