கழற்றி வைத்த மாஸ்க்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களில் பலர், உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே தூங்கிவிடுவார்கள். கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் தலை சாய்ந்து, வாய் திறந்து, குறட்டை ஆரம்பித்துவிடும். பக்கத்து சீட்டுக்காரர் சிரிப்பார். யாராவது செல்போனில் வீடியோகூட எடுப்பார்கள். அந்தக் குறட்டை சட்டென்று நின்று, பத்துப் பதினைந்து விநாடி எந்தச் சத்தமும் இல்லாமல், பிறகு தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவர்போல் ஒரு பெரிய உறுமலோடு மறுபடி தொடங்கினால், சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை அது.

ஸ்லீப் ஆப்னியா என்கிற உறக்க மூச்சுத்தடைக்கு அதுதான் முக்கிய அடையாளம். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறிப்போய் ஆளை அரைகுறையாக எழுப்பி மூச்சை மீட்கிறது. தூங்கியவருக்கு இது எதுவும் நினைவிருக்காது. குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றால் ஒரு தடை என்று கணக்கு. மூச்சு நின்றதும் குறைந்ததுமாகச் சேர்த்து மணிக்கு 5 முதல் 15 தடவை வந்தால் லேசானது, 15 முதல் 30 நடுத்தரம், 30க்கு மேல் போனால் கடுமையானது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வேலை செய்யும் வயதில் இருக்கும் இந்தியர்களில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இந்தக் கோளாறு இருக்கலாம். 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லாஹிரி இறந்தபோது மருத்துவமனை சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. அன்றைக்குத்தான் பல வீடுகளில் இந்தப் பெயரே முதல்முறையாகக் காதில் விழுந்தது.

இதற்கான முதன்மைச் சிகிச்சை சிபேப் இயந்திரம். காற்றை ஒரே சீரான அழுத்தத்தில் குழாய் வழியே, முகத்தில் மாட்டும் மாஸ்க் மூலம் மூக்குக்குள் செலுத்தி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980இல் இதை முதலில் ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தினார். அடுத்த ஆண்டு லான்செட் இதழில் எழுதினார். அப்போது மாஸ்க் என்று கடையில் எதுவும் கிடையாது. ஒவ்வொருவர் மூக்குக்கும் அச்செடுத்து, தினம் ராத்திரி பசைபோல் சிலிக்கோன் பூசி ஒட்டவேண்டும், காலையில் பிய்த்தெடுக்கவேண்டும். நாற்பது வருடத்தில் இயந்திரம் டிபன் பாக்ஸ் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மாஸ்க் மீதான புகார் மட்டும் அப்படியே இருக்கிறது.

பல வீடுகளில் நடப்பது இதுதான்: கடன் வாங்கி இயந்திரம் வாங்குவார்கள். நாலு நாள் மாட்டுவார்கள். மூக்குத் தண்டில் புண், கண்ணில் காற்று, வறண்ட வாய், மூச்சு முட்டுவது போன்ற பயம். பிறகு இயந்திரம் பீரோ மேல் ஏறிவிடும். ‘எனக்கு இது ஒத்துக்காது’ என்று நோயாளி தன்னையே குறை சொல்லிக்கொள்வார். ஒத்துவராதது பெரும்பாலும் அந்த ஒரு மாஸ்க்தான். அது இயந்திரத்தோடு பிறந்ததில்லை. தனியாக மாற்றக்கூடிய உதிரிப்பாகம்.

மூன்று வகை மாஸ்க் பரவலாகக் கிடைக்கிறது. மூக்கை மட்டும் மூடுவது ஒன்று. நாசித் துவாரத்தில் இரண்டு சின்னக் குமிழ்போல் உட்காருவது இன்னொன்று. மூக்குத் தண்டைத் தொடாது, கண்ணாடி போட்டுக்கொண்டு டிவி பார்க்கலாம், மூடிய இடத்தில் பயப்படுகிறவர்களுக்கும் இதமானது. மூன்றாவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழுமுக மாஸ்க். நம் ஊரில் பல இடங்களில் முதலில் கையில் கொடுப்பது இந்த மூன்றாவதைத்தான். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலோ மூக்கு வகைகளையே முதலில் பரிந்துரைக்கிறது. முழுமுக மாஸ்க் பலருக்குக் கீழ்த்தாடையைப் பின்னுக்குத் தள்ளும்; அதிக அழுத்தம் தேவைப்படும்; கசிவும் கூடும்.

ஆனால் மூக்கு அடைத்திருந்தால் மூக்கு மாஸ்க் வேலைக்கு ஆகாது. இங்கேதான் கும்மிடிப்பூண்டியின் கதை தனியாகிறது. உருக்காலையிலும் ரோலிங் மில்லிலும் நாள் முழுக்கத் தூசி சுவாசிக்கிறவருக்கு மூக்கடைப்பு பழகிப்போன ஒன்று. பகலில் தூசி மாஸ்க், ராத்திரி காற்று மாஸ்க் என்றால் யாருக்குத்தான் சலிக்காது? அவருக்கு மாஸ்க்கை மாற்றுவதற்கு முன்னால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கவேண்டும். உப்புக்கரைசலால் மூக்கைக் கழுவுவது, ஒவ்வாமைக்கு ஸ்பிரே, வளைந்த நடுச்சுவரைச் சரிசெய்வது ஆகியவற்றில் எது தேவை என்று அவர் சொல்வார். இயந்திரத்தின் பின்புறம் இருக்கும் சின்ன ஃபில்டரையும் இந்தப் பகுதியில் அடிக்கடி எடுத்துப் பார்க்கவேண்டும். சாம்பல் நிறமாகிவிட்டால் மாற்றியாகவேண்டும். ஈரப்பதத்துக்கான தொட்டியில் போர் தண்ணீர் கூடவே கூடாது. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல் ஏறியது ஊரறிந்த கதை. அந்த உப்பு தொட்டியில் படிந்துவிடும். டிஸ்டில்டு வாட்டர்தான் சரி.

மாஸ்க்கைச் சோதிப்பதற்கும் முறை இருக்கிறது. கடையில் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தில் வைத்துப் பார்ப்பது செருப்பைக் கையில் மாட்டிப் பார்ப்பது மாதிரி. படுத்துக்கொள்ளவேண்டும், மருத்துவர் எழுதிய அழுத்தத்தில் இயந்திரத்தை ஓடவிடவேண்டும், மாஸ்க்கின் மெத்தை காற்றில் உப்பி முகத்தில் தானாகப் படிய ஒரு நிமிடம் கொடுத்து, அதன்பிறகே வாரை இழுக்கவேண்டும். வாருக்கும் கன்னத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையவேண்டும். இடதும் வலதும் புரண்டு பார்க்கவேண்டும். கசிகிறது என்று வாரை மேலும் மேலும் இறுக்குவதுதான் எல்லோரும் செய்கிற தவறு; இறுக்கினால் மெத்தை மடங்கி இன்னும் கசியும், புண்ணும் வரும். பெரும்பாலும் கோளாறு அளவில்தான் இருக்கும். முகத்தில் தேங்காய் எண்ணெய் இருந்தால் சிலிக்கோன் வழுக்கும், சீக்கிரம் கெட்டும்போகும். மாஸ்க்கின் முன்புறம் உள்ள பொடித் துளைகள் வெளிமூச்சு போவதற்கானவை; பக்கத்தில் படுப்பவர் மேல் காற்று அடிக்கிறது என்று டேப் ஒட்டி அடைத்தால் ஆபத்து. நைட் ஷிப்ட் பார்ப்பவர் பகலில் தூங்கும்போதும் இதெல்லாம் வேண்டும். நோய்க்கு ராத்திரி பகல் தெரியாது.

இனி, பெட்டியின் மேல் யாரும் படிக்காத ஒரு எச்சரிக்கை. சில மாஸ்க்குகளில் வாரை மாட்டுவதற்குக் காந்தக் கொக்கி இருக்கும். உடலில் பேஸ்மேக்கர் போன்ற கருவி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காந்தம் இடைஞ்சல் செய்யலாம் என்று 2022 செப்டம்பரில் பிலிப்ஸ் நிறுவனமும், 2023 நவம்பரில் ரெஸ்மெட் நிறுவனமும் எச்சரித்தன. 15 சென்டிமீட்டருக்குள் இப்படிப்பட்ட கருவி இருந்தால் காந்த மாஸ்க் கூடாது. பிலிப்ஸ் வெளியிட்ட பட்டியலில் மூளையில் போட்ட கிளிப், காது கேட்க உள்ளே பதித்த கருவி ஆகியவற்றோடு, கண்ணில் தங்கிய உலோகத் துணுக்கும் இருந்தது. கிரைண்டிங் செய்கிறவர்கள், வெல்டர்கள், லேத் ஓட்டுகிறவர்கள் நிறைந்த ஊரில் இந்த ஒரு வரியைப் பேனரில் எழுதி வைக்கலாம். எப்போதாவது கண்ணில் இரும்புப்பொடி தெறித்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சாதாரண பிளாஸ்டிக் கொக்கி உள்ள மாஸ்க்கைக் கேட்டு வாங்கவேண்டும்.

பழைய இயந்திரம் வாங்குபவர்களுக்கு இன்னொரு கண்ணி. உள்ளே சத்தம் குறைக்க வைத்திருந்த நுரைப்பஞ்சு பொடிந்து காற்றோடு நுரையீரலுக்குப் போகலாம் என்று 2021 ஜூன் 14 அன்று பிலிப்ஸ் உலகம் முழுக்கத் திரும்பப்பெறும் அறிவிப்பு கொடுத்தது. 2021 ஏப்ரல் 26க்கு முன் தயாரான ட்ரீம்ஸ்டேஷன் உள்ளிட்ட பல மாடல்கள் அதில் அடங்கும். பாதி விலைக்கு வருகிற செகண்ட்ஹேண்ட் இயந்திரத்தின் சீரியல் நம்பரைச் சரிபார்க்காமல் காசு கொடுக்கக்கூடாது. ஓசோன் விட்டுச் சுத்தம் செய்யும் பெட்டிகளும் விற்கிறார்கள்; அவற்றில் எதற்கும் அதுவரை அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2020இல் எச்சரித்தது. மிதமான சோப்பும் தண்ணீரும் போதும்.

எந்த மாஸ்க்குமே சரிப்படவில்லை என்றால்? லேசான, நடுத்தர நோய்க்குப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தரும் கருவி ஒன்று இருக்கிறது. ராத்திரி பல்லில் மாட்டினால் கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும். தாடை வலியும், நாளடைவில் கடிமானத்தில் மாற்றமும் வரலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது காட்டவேண்டும். மல்லாந்து படுக்கும்போது மட்டும் மூச்சு நிற்கிறவருக்கு, பனியனின் முதுகில் டென்னிஸ் பந்தைத் தைக்கும் பழைய வைத்தியம்கூடப் பலிக்கும். எடை குறைப்பது எல்லோருக்கும் நல்லது. உடல்பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான நோய் இருப்பவர்களுக்கு டிர்செபடைட் ஊசியை அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதித்தார்கள். நாக்கின் நரம்பைத் தூண்டும் கருவிக்கு அங்கே 2014இலேயே அனுமதி கிடைத்தது. எதைத் தேர்ந்தாலும் அதை மாட்டிக்கொண்டோ எடுத்துக்கொண்டோ மறுபடி ஒரு ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூக்கத்தில் மூச்சை அளக்கும் சோதனை, செய்யவேண்டும். குறட்டை அடங்கியதை மட்டும் வைத்து நோய் போய்விட்டதாக நினைப்பவர்கள் பலர்.

மூக்கில் செருகும் காந்தக் கிளிப்பையும், ‘குழாய் இல்லா மைக்ரோ சிபேப்’ என்ற பெயரில் ஆன்லைனில் ஓடும் பொம்மைகளையும் இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது.

சரி, ஏமாந்துவிட்டால் எங்கே போவது? முதலில் கையில் காகிதம் வேண்டும். ஸ்லீப் ஸ்டடி அறிக்கை நோயாளியின் சொத்து மாதிரி; மருத்துவ ஆவணத்தைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தரவேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகள் சொல்கின்றன. அழுத்தம் எவ்வளவு, எந்த வகை மாஸ்க், என்ன அளவு என்பது மருத்துவரின் சீட்டில் எழுதப்பட்டிருக்கவேண்டும். வாங்கும் முன்பே மாஸ்க் மாற்றித் தருவீர்களா, எத்தனை நாளுக்குள் என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்கவேண்டும். முடிந்தால் இயந்திரத்தை ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது இன்னும் புத்திசாலித்தனம்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்துவிட்டால் கடைக்காரர் தப்பித்துவிட முடியாது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. இதில் ஒரு நுணுக்கம். ‘எனக்கு வசதியாக இல்லை’ என்பது மட்டும் சட்டத்தின் கண்ணில் குறை ஆகாது. அளவே எடுக்காமல் தலையில் கட்டியது, பழையதைப் புதிது என்று விற்றது, மருத்துவர் எழுதியதை விட்டு வேறு வகையைக் கொடுத்தது இவையெல்லாம் வழக்குக்கு வலு சேர்க்கும்.

கருவியால் புண், ஒவ்வாமை, மூச்சுத்திணறல் வந்தால் அது தனிப் புகார். இந்திய மருந்தியல் ஆணையம் 2015 முதல் நடத்தும் மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்தில் நோயாளியே புகார் பதியலாம். கட்டணமில்லா எண் 1800 180 3024.

செலவுக்கு வழி தேடுகிறவர்கள் இ.எஸ்.ஐ.யை மறக்கக்கூடாது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, அதில் 0.75 சதவீதம் இந்தத் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் ஆகிறவர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். ஒப்பந்தத் தொழிலாளிக்கும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவருக்கும் இது பொருந்தும். பலர் அதைக் காய்ச்சல் மாத்திரை வாங்கும் அட்டையாக மட்டுமே வைத்திருக்கிறார்கள். டிஸ்பென்சரி வழியாகச் சிறப்பு மருத்துவரிடம் பரிந்துரை கேட்கலாம். கருவி தேவை என்று அவர் எழுதினால் வாய்மொழியாகக் கேட்காமல் மனுவாகக் கொடுத்து, தேதியும் முத்திரையும் போட்ட நகலை வாங்கி வைக்கவேண்டும். தனியார் காப்பீட்டில் வீட்டுக்கு வாங்கும் சிபேப் கருவியைப் பெரும்பாலும் தரமாட்டார்கள். பாலிசியில் ‘தரப்படாத பொருட்கள்’ பட்டியலை வாங்கும் முன்பே புரட்டிவிடுவது நல்லது.

கடைக்காரர் மீதான புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயம் இல்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு நேர் ரயில் கிடையாது. சென்னை வரை போய் மாறவேண்டும், இல்லையென்றால் பெரியபாளையம் வழியாக பஸ். ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்பவர்கள் இ-ஜாக்ரிதி இணையதளத்திலேயே மனுவைப் பதியலாம். பில், ஸ்லீப் ஸ்டடி அறிக்கை, கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, முகத்துப் புண்ணின் தேதியிட்ட போட்டோ ஆகியவற்றோடு, ஒத்துவராத அந்த மாஸ்க்கையும் பெட்டியோடு பத்திரமாக எடுத்து வைக்கவேண்டும். கோபத்தில் குப்பையில் போட்டுவிட்டு வழக்குக்குப் போனால், பொருள் எங்கே என்று கேட்கும்போது கையை விரிக்கவேண்டியிருக்கும்.