காற்றும் காது கேட்கும் கருவியும்



காது கேட்கும் கருவியை ஒருவர் பெற்றுக்கொண்ட புதிதில் வீட்டாருக்கெல்லாம் சந்தோஷம். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால், கருவி டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கும். "ஏன் தாத்தா, மிஷின் மாட்டலையா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், "வெளியே போனா ஒரே இரைச்சலா இருக்குப்பா, அதான் கழற்றி வச்சிட்டேன்" என்று பதில் வரும். வீட்டுக்குள் நன்றாகக் கேட்கிற கருவி வெளியே மட்டும் இரைந்தால், பல வேளைகளில் அதற்குக் காரணம் காற்றுதான்.

இது அற்பமான காரியம் அல்ல. கேட்கும் திறன் குறைவின் நிமித்தம் உலகில் 43 கோடிப் பேருக்கு உதவி தேவைப்படுகிறது என்றும், கருவியினால் பயனடையக்கூடியவர்களில் ஏறக்குறைய 17 விழுக்காட்டினரே அதைப் பயன்படுத்துகிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தெரிவித்தது. அரிதாகக் கிடைத்த கருவியும் டப்பாவில் உறங்கினால் என்ன பிரயோஜனம்? மேலும், கருவியைக் கழற்றிவிட்டுச் சாலையைக் கடக்கிறவருக்குப் பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்பதில்லை.

நம்முடைய நாட்டில் ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய கணவாய்களின் வழியாகக் காற்று விசேஷ வேகத்துடன் பாய்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் இதனால்தான். அந்தப் பக்கத்து வயல்களில் வேலை செய்கிறவர்களுக்கும், கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கும் காற்று அன்றாடத் தோழன். காது கேட்கும் கருவியை அணிந்தவருக்கோ அதுவே அன்றாடத் தொல்லை.

இரைச்சல் எப்படி உண்டாகிறது? திறந்தவெளிக் கூட்டங்களில் நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று பார்க்க மைக்கில் ஊதுவார்கள். உடனே "பொப்" என்று வெடிப்பது போன்ற சத்தம் எழும்பும். காது கேட்கும் கருவியிலும் ஒரு சிறிய மைக் உண்டு. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியில் அதன் துவாரங்கள் காதுமடலின் மேற்பக்கத்தில், காற்றுக்கு நேராகவே இருக்கின்றன. காற்று நம் தலையிலும் காதுமடலிலும் கருவியின் ஓரங்களிலும் மோதிச் சிறு சிறு சுழல்களாக உடைகிறது. ஆற்றுநீர் பாறையில் மோதிச் சுழிப்பதைப் போன்றதே இதுவும். அந்தச் சுழல்கள் மைக்கின் மெல்லிய சவ்வைத் தட்டுகின்றன. கருவியோ அதையும் சத்தம் என்று எண்ணிப் பெருக்கிக் கொடுக்கிறது.

காற்றின் பலத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசும்போது நம் காதில் விழும் ஒலியின் அழுத்தம் ஏறக்குறைய 0.02 பாஸ்கல். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று முகத்தில் மோதும் அழுத்தமோ ஏறக்குறைய 15 பாஸ்கல், அதாவது எழுநூறு மடங்குக்கு மேல். இந்த அழுத்தம் முழுவதும் சத்தமாவதில்லை. அதில் ஏற்படும் ஏற்ற இறக்கமே இரைச்சலாகிறது. ஆகிலும் அதில் சிறு பங்கே பேச்சை அமிழ்த்திவிடப் போதும். காற்றின் வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகிறது. பலத்த காற்றில் மைக் தன் எல்லையை எட்டிவிடுகிறது. அதன்பின் உள்ளேயிருக்கும் எந்த நுட்பமும் பேச்சை முழுமையாக மீட்டுத் தர முடியாது. ஆகையால், காற்று மைக்கை எட்டுவதற்கு முன்பே அதைத் தடுப்பதுதான் முதல் வழி.

முதலாவது, நிற்கும் இடம். சுவரின் மறைவிலோ வாசல் திண்ணையின் உள்பக்கத்திலோ நின்று பேசினால் பாதித் தொல்லை தீரும். தலையை மெதுவாகத் திருப்பிப் பார்த்தால், இரைச்சல் குறையும் திசை ஒன்று அகப்படும். பஸ்ஸில் திறந்த ஜன்னலை விட்டு உள்பக்க இருக்கையில் அமரலாம். வீட்டில் மேஜை விசிறிக்கு நேராகவோ, ஆராதனையில் சுழலும் மின்விசிறிக்கு நேர் கீழாகவோ உட்காரவேண்டாம். விசிறிக்காற்றும் காற்றுதானே!

இரண்டாவது, மறைப்பு. கூட்டங்களில் மைக்கின்மேல் பஞ்சு உறை மாட்டுவதன் இரகசியம் இதுதான்: சுழல்கள் உறையின் வெளிப்பக்கத்திலேயே உடைந்துபோகின்றன, ஒலி மட்டும் உள்ளே செல்கிறது. அவ்விதமே தலைத்துண்டு, சேலை முந்தானை, மெல்லிய ஸ்கார்ஃப் ஆகியவற்றால் காதைத் தளர்வாக மூடிக்கொள்ளலாம். இறுக்கிக் கட்டினால் கருவி விசிலடிக்கும். துணி உரசும் சத்தமும் கேட்கும். கருவியின்மேல் அணிவிக்கும் மெல்லிய துணி உறைகளும் கடையில் கிடைக்கின்றன. மைக்கின் துவாரத்தில் பஞ்சை அடைப்பதோ டேப் ஒட்டுவதோ கூடாது. அது பேச்சையும் சேர்த்து அடைத்துவிடும்.

மூன்றாவது, கருவியின் அமைப்பு. காற்றிரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. பேச்சைப் புரிந்துகொள்ள உதவும் க, ச, த போன்ற மெய்யொலிகளின் நுட்பமோ பெரும்பாலும் உயர்ந்த சுருதியில் இருக்கிறது. ஆதலால் தாழ்ந்த சுருதியை மட்டும் குறைத்து வைத்தால் இரைச்சல் அடங்கும், பேச்சு நிற்கும். பழைய கருவிகளில் சிறு திருகாணியினாலேயே இதைச் செய்யலாம். இப்போதைய டிஜிட்டல் கருவிகள் பலவற்றில் வெளியிடங்களுக்கென்று தனி அமைப்பு ஒன்றைச் செவித்திறன் நிபுணர் பதிந்து கொடுக்கமுடியும்.

பல கருவிகளில் இரண்டு மைக்குகள் உண்டு. முன்னிருந்து வரும் பேச்சைப் பிரித்தெடுக்க, ஒன்றின் ஒலியை மற்றதிலிருந்து கழிக்கிறார்கள். அறைக்குள் இது நல்ல உதவி. காற்றிலோ இதுவே பாதகமாகிறது. பேச்சு இரண்டு மைக்குகளிலும் ஏறக்குறைய ஒரே விதமாக விழுகிறது. காற்றுச் சுழல்களோ ஒவ்வொன்றையும் வேறு விதமாகத் தட்டுவதால் கழித்தாலும் நீங்குவதில்லை. ஆகவே காற்றில் ஒரே மைக்கைப் பயன்படுத்தும் அமைப்புக்கு மாறுவது நல்லது. இந்த வேறுபாட்டைக் கொண்டே காற்றை அடையாளம் கண்டு, தானாகவே மாறிக்கொள்ளும் கருவிகளும் இருக்கின்றன.

காதுக்குழாயின் உள்ளே முற்றிலும் அடங்கும் சிறு கருவிகளில், காதுமடலே மைக்குக்கு மறைவாவதால், காற்றுத் தொல்லை பொதுவாகக் குறைவு. ஆனால் அவை கடுமையான செவிக்குறைவு உள்ளவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

இரைச்சல் எல்லாம் காற்றினால் வருவது அல்ல. காற்றில்லாத அறைக்குள் வந்தவுடன் நின்றுபோனால் அது காற்றிரைச்சல். அறைக்குள்ளும் விசில் சத்தம் தொடர்ந்தால் காதச்சு சரியாகப் பொருந்தவில்லை, அல்லது காதில் குறும்பி அடைத்திருக்கிறது என்று எண்ண இடமுண்டு. கரகரவென்ற சத்தத்துக்கு வியர்வை ஈரம் காரணமாயிருக்கலாம். இவற்றை நிபுணரிடம் காட்டுவதே நல்லது. எந்த இரைச்சலானாலும் சத்தத்தைக் கூட்டி வைப்பதில் பயனில்லை. பேச்சோடு இரைச்சலும் கூடவே ஏறும்.

கருவியைக் கொடுப்பதோடு உதவி முடிந்துவிடுவதில்லை. கொடுக்கும் அன்றே அணிந்தவரை வாசலுக்கு வெளியே அழைத்துச் சென்று, காற்றில் நிற்கவைத்து, "இப்போது கேட்கிற இரைச்சல் கருவியின் பழுதும் அல்ல, உங்கள் காதின் பழுதும் அல்ல" என்று சொல்லி, ஒரு துண்டை எப்படிக் கட்டுவது என்று காட்டினால் போதும். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதைச் சொல்ல ஆளில்லாததினாலேயே பல கருவிகள் டப்பாவுக்குத் திரும்புகின்றன.

உங்கள் வீட்டிலோ சபையிலோ இக்கருவியை அணிந்தவர் இருப்பார். அவரை வெளியில் சந்திக்கும்போது, உரக்கக் கத்தாமல், கையைப் பிடித்துக் காற்று படாத ஓரத்துக்கு அழைத்துச் சென்று, முகத்துக்கு நேராக நின்று நிதானமாகப் பேசுங்கள். செலவில்லாத இந்த உதவியை எல்லாரும் செய்யலாம்.