ஊசி போடாமல் மூளைக்கட்டியின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி தன் தந்தையின் ஸ்கேன் கவரோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மூளைக்கட்டிக்கு ஆபரேஷன் செய்து, கதிர்வீச்சு சிகிச்சையும், அதாவது நாம் பேச்சில் சொல்லும் ‘கரண்ட் வைப்பதும்’ முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புதிய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில், கட்டி இருந்த இடம் முன்பைவிடப் பெரிதாகத் தெரிவதாக எழுதியிருந்தார்கள். “அத்தாவுக்கு மறுபடியும் வந்துவிட்டது” என்று குடும்பமே உடைந்து போயிருந்தது. மருத்துவரோ இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார். “இப்போதுதானே எடுத்தோம், மறுபடியும் எதற்கு?” என்று அந்தச் சகோதரி கேட்டார்.

நியாயமான கேள்விதான். இதே நிலையில் நிற்கும் மற்ற குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் அதற்கான பதிலை இங்கே எழுதுகிறோம்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் கட்டியா?

வழக்கமான எம்.ஆர்.ஐ.யின் போது கையில் காண்ட்ராஸ்ட் மருந்து ஏற்றுவார்கள். காடோலினியம் என்னும் உலோகம் கலந்த மருந்து அது. மூளையின் ரத்தக் குழாய்களுக்கு இயற்கையிலேயே ஒரு பாதுகாப்புச் சுவர் உண்டு. அந்தச் சுவர் பழுதான இடத்தில் மருந்து வெளியே கசியும். படத்தில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும்.

கட்டி வளர்ந்தாலும் அந்தச் சுவர் பழுதாகும். கதிர்வீச்சின் தாக்கத்தால் மூளைத் திசு வீங்கினாலும் பழுதாகும். இரண்டுமே படத்தில் வெள்ளைதான். சிகிச்சை முடிந்த முதல் மூன்று மாதங்களில் இப்படிப் பொய்யாகப் பெரிதாகத் தெரிவது பலருக்கும் நடப்பதுதான். திசு இறந்துபோவதால் ஏற்படும் மாற்றம், பல மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்தும் தெரியலாம். எனவே ஒரு படத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர மருத்துவர்கள் தயங்குகிறார்கள்.

ரத்த ஓட்டம் சொல்லும் செய்தி

கட்டி வளர வேண்டுமானால் அதற்கு உணவும் ஆக்சிஜனும் வேண்டும். ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளரும் கட்டி, தனக்கென்று புதிய ரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்கிறது என்ற கருத்தை அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மன் 1971-ல் முன்வைத்தார். வேகமாக வளரும் மூளைக்கட்டிகளில் பொதுவாக ரத்த ஓட்டம் அதிகம். கதிர்வீச்சால் செத்துப்போன திசுவில் குழாய்களே சிதைந்திருப்பதால் ஓட்டம் குறைவு.

ஆகவே, வெள்ளையாகத் தெரியும் இடத்தில் ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்தால், அங்கே இருப்பது உயிருள்ள கட்டியா, சிகிச்சையின் விளைவா என்று ஊகிக்க வழி கிடைக்கிறது. இதற்கான ஸ்கேனுக்கு ‘பெர்ஃப்யூஷன்’ என்று பெயர். மருத்துவர் இரண்டாவது ஸ்கேன் கேட்டது இதற்காகத்தான்.

ரத்தத்தின் நீரே அடையாளம்

பெர்ஃப்யூஷன் ஸ்கேனில் ஒரு வகைக்குக் காண்ட்ராஸ்ட் ஊசி தேவை. இன்னொரு வகைக்கு ஊசியே வேண்டாம். அதன் பெயர் ‘ஆர்டீரியல் ஸ்பின் லேபிளிங்’, சுருக்கமாக ஏ.எஸ்.எல். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஜான் டெட்ரே, ஆலன் கொரெட்ஸ்கி முதலியோர் எலிகளின் மூளையில் இதைச் செய்து காட்டி 1992-ல் வெளியிட்டார்கள்.

இது வேலை செய்யும் விதம் எளிது. நம் ரத்தத்தில் பெரும்பகுதி நீர். கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் ரத்தத்தின் நீருக்கு, ரேடியோ அலைகளால் ஒரு காந்த அடையாளம் வைக்கிறார்கள். அந்த ரத்தம் மூளைக்குள் பரவ ஏறத்தாழ இரண்டு நொடி காத்திருந்து ஒரு படம் எடுக்கிறார்கள். பிறகு அடையாளம் வைக்காமல் இன்னொரு படம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், எந்த இடத்துக்கு எவ்வளவு ரத்தம் வந்தது என்பது மிஞ்சும். அந்த அடையாளம் சில நொடிகளில் தானாக மறைந்துவிடும். உடலில் எதுவும் தங்குவதில்லை.

இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசம் 1 சதவீதம் அளவுதான். அதனால் பலமுறை எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். வழக்கமான எம்.ஆர்.ஐ.யோடு சேர்த்து இதற்குச் சுமார் ஐந்து நிமிடம் கூடுதலாகும். எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை.

சிறுநீரகம் மிகவும் பழுதானவர்கள், கர்ப்பிணிகள், ஊசி போட நரம்பு கிடைக்காத குழந்தைகள், அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டியவர்கள் ஆகியோருக்கு இது பெரிய உதவி.

இதற்கும் எல்லை உண்டு

ரத்த ஓட்டம் அதிகமாக இருந்தாலே புற்றுநோய் என்று ஆகாது. மெனிஞ்சியோமா என்ற, பெரும்பாலும் சாதுவான கட்டியிலும் ஓட்டம் அதிகமாக இருக்கும். மிகச் சிறிய கட்டிகள் இதில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். கழுத்துக் குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு ரத்தம் தாமதமாக வருவதால் படம் தவறாகத் தோன்றலாம். ஆபரேஷன் செய்த இடத்தில் ரத்தக் கசிவோ உலோகக் கிளிப்போ இருந்தாலும் அப்படித்தான். ஆகவே காண்ட்ராஸ்ட் ஸ்கேனும், சில சமயம் பயாப்ஸியும் தேவைப்படும். ஊசி வேண்டாம் என்று நாமாக அடம்பிடிக்கக் கூடாது.

போகும் முன் கவனிக்க வேண்டியவை

• இதயத்தில் பேஸ்மேக்கர், தலையில் கிளிப், காதுக்குள் கருவி ஏதாவது இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

• பெண்கள் முக்காட்டுப் பின், சேஃப்டி பின், நகைகள் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். பின் இல்லாத பருத்தித் துணியை உடன் எடுத்துச் செல்லலாம். கண் மை, சுர்மாவையும் துடைத்துவிடுங்கள்.

• டீ, காபி மூளையின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். எத்தனை மணி நேரம் தவிர்க்க வேண்டும் என்று ஸ்கேன் சென்டரில் கேளுங்கள்.

• தலையை அசைத்தால் படம் கெட்டுவிடும். சத்தம் பெரிதாக இருக்கும் என்று நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

• பழைய ஸ்கேன் சிடிக்களையும், கதிர்வீச்சு முடிந்த தேதியையும் கட்டாயம் கொண்டு செல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவை இல்லாமல் முடியாது.

மருத்துவரிடம் இந்த மூன்றைக் கேளுங்கள்: “இது கட்டியா, சிகிச்சையின் விளைவா? பெர்ஃப்யூஷன் பார்த்தால் தெரியுமா? ஊசி இல்லாத முறை எங்களுக்குப் போதுமா?” எல்லா எம்.ஆர்.ஐ. மெஷினிலும் இந்த வசதி இருக்காது. பணம் கட்டும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சகோதரியின் தந்தைக்கு, சந்தேகப்பட்ட இடத்தில் ரத்த ஓட்டம் குறைவாகவே இருந்தது. மருத்துவர் சிகிச்சையை மாற்றாமல் தொடர்ந்தார். இரண்டு மாதம் கழித்து எடுத்த படத்தில் வீக்கம் வடிந்திருந்தது. எல்லா வீட்டிலும் முடிவு இப்படியே இருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. கட்டி திரும்பியிருந்தால் அதுவும் சீக்கிரம் தெரிவது நல்லதே. ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கை விட்டுவிடாதீர்கள் என்பதே நாங்கள் சொல்ல வருவது. ஸ்கேன் செலவுதான் தடை என்றால், மருத்துவர் எழுதிய சீட்டோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள்.