துணுக்கோடு நின்றுவிடும் வாசிப்பு

2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் தளர்த்தும் தீர்ப்பொன்றை வழங்கியது. வழக்குப் பதிவுக்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம், கைதுக்கு மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்றது. ஏப்ரல் 2 அன்று தலித் மக்கள் முழு அடைப்பு நடத்தினர். அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து அவ்விரு நிபந்தனைகளையும் நீக்கியது. 2019 அக்டோபரில் நீதிமன்றமே தன் கட்டளைகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் 18ஏ பிரிவு செல்லும் என உறுதிசெய்தது.

இவ்வரலாற்றின் முதற்கட்டம் மட்டும், நாள் குறிப்பிடாத படமாக வாட்ஸ்அப்பில் வந்தால், அதுவே இன்றைய சட்டம் எனத் தோன்றும். "விசாரித்த பிறகுதான் வழக்கு" என்று காவல் நிலையத்தில் சொல்லப்படும்போது, உடன் சென்ற மாணவரும் அதை நம்பித் தலையசைப்பார். பாதிக்கப்பட்டவர் புகார் பதியாமலே திரும்புவார்.

இதை இளைஞர்களின் சோம்பல் என ஒதுக்கிவிட முடியாது. திரை வாசிப்பின் இயல்பும் இதற்குக் காரணம். 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளை ஒருங்கே மதிப்பிட்ட ஆய்வொன்று 2018இல் வெளியானது. தாளில் படித்தோரின் புரிதலே மேம்பட்டிருந்தது என்பது அதன் முடிவு. கதைகளில் இவ்வேறுபாடு தென்படவில்லை. தகவல் சார்ந்த உரைகளில் தென்பட்டது. நேர நெருக்கடியில் படித்தபோது இடைவெளி மேலும் கூடியது. சட்டம், வரலாறு, பொருளாதாரம் என நம் மாணவர்கள் தேர்வுக்கு அவசரமாகப் படிப்பவை பெரும்பாலும் இவ்வகை உரைகளே.

அதற்காகக் கைப்பேசியைத் துறக்கச் சொல்வது நமக்குப் பொருந்தாது. வீட்டில் புத்தக அலமாரி இல்லாத முதல் தலைமுறை மாணவருக்கு அதுவே நூலகம். மகாராட்டிர அரசு 1979 முதல் வெளியிட்டுவரும் அம்பேத்கரின் எழுத்துகளும் பேச்சுகளும் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நூல் கைக்கு எட்டிவிட்டது. முழுவதும் வாசிக்கும் பழக்கமே நழுவுகிறது.

'சாதி ஒழிப்பு' இதற்குச் சான்று. லாகூர் மாநாட்டுக்காக எழுதப்பட்டு, மாநாடு கைவிடப்பட்டதால் நிகழ்த்தப்படாமல் போன அவ்வுரையை அம்பேத்கர் 1936இல் தாமே நூலாக்கினார். காந்தி 'ஹரிஜன்' இதழில் மறுப்பு எழுதினார். அம்மறுப்பையும் தம் பதிலையும் சேர்த்து 1937இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். எதிர்வாதத்தைத் தம் நூலுக்குள்ளேயே வைத்து விடையளித்தவரை ஒற்றை வரிப் படமாகச் சுருக்கும்போது, முடிவு நம்மிடம் இருக்கும். அதற்கான வாதம் இராது. வகுப்பறையில் எழும் முதல் எதிர்க்கேள்வியிலேயே நாம் வாயடைத்துப் போவோம்.

செய்யக்கூடியவை எளியவை. எந்தச் செய்தியிலும் முதலில் நாளைப் பார்க்க வேண்டும். சட்டமெனில் திருத்தங்களுடன் கூடிய மூலப் பிரிவைத் தேட வேண்டும். நூலைத் தரவிறக்கி, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, கையில் குறிப்பேட்டுடன் படிக்க வேண்டும். வாரம் ஓர் அத்தியாயத்தை விடுதி அறையில் நால்வர் கூடி உரக்க வாசித்து விவாதிக்கலாம்.

சென்னை ஐஐடியில் 2014இல் தொடங்கிய அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை நிர்வாகம் 2015இல் பறித்தது. நாடு தழுவிய எதிர்ப்புக்குப் பின் திரும்ப அளித்தது. மாணவர்கள் கூடிப் படிப்பது எத்தகைய ஆற்றல் என்பதை அதிகாரம் அறிந்தே இருக்கிறது. அதை நாமும் உணர வேண்டும்.