தோள் முறிந்தால் கத்தி வைக்கணுமா?

குளியலறையில் வழுக்கிய அம்மா தோளில் அடிபட விழுந்தார். நாலாம் நாள் பார்த்தால் தோளிலிருந்து முழங்கை வரை கத்திரிக்காய் நிறத்தில் கன்றிக் கிடக்கிறது. “சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர்!” என்று வீடே பதறுகிறது. முறிந்த எலும்பில் கசிந்த ரத்தம் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த நிறத்தை வைத்து ஆபரேஷனை முடிவுசெய்ய முடியாது.

வயதானவர்களுக்கு இடுப்பு, மணிக்கட்டுக்கு அடுத்தபடியாக அதிகம் முறிவது தோள் மூட்டின் கிண்ணத்தில் பந்துபோல் பொருந்தும், மேற்கை எலும்பின் இந்தத் தலைப்பகுதிதான். துண்டுகள் பெரிதாக விலகாவிட்டால் ஸ்லிங் போதும். இரண்டு மூன்று வாரத்தில், டாக்டர் சொன்னதும், மேசையைப் பிடித்துக் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டும் பயிற்சி தொடங்கும். அதைத் தள்ளிப்போட்டால் தோள் இறுகிவிடும்.

விலகியிருந்தால்? பிரிட்டனில் அப்படிப்பட்ட 250 பேரில் ஒரு பாதிக்கு ஆபரேஷன், மறு பாதிக்கு ஸ்லிங் என்று பிரித்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான ‘ப்ராஃபர்’ ஆய்வு அது. இரண்டு ஆண்டு கழித்தும் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால், மூட்டிலிருந்து பந்து நழுவியவர்கள் போல ஆபரேஷன் தவிர்க்க முடியாதவர்களை அதில் சேர்க்கவில்லை. எலும்பின் தலையே பிளந்தவர்களுக்கும் பெரும்பாலும் ஆபரேஷன்தான்.

அப்போதும் எந்த ஆபரேஷன் என்பதுதான் கேள்வி. பிளேட் வைத்து ஸ்க்ரூ முடுக்குவது பழகிய வழி. தேய்ந்த எலும்பில் அது செல்லரித்த கதவில் கீல் பொருத்துவதுபோல. ஸ்க்ரூ தலையைத் துளைத்து வெளியே வரலாம், ரத்த ஓட்டம் அறுந்து தலையே நொறுங்கலாம். பந்தை மட்டும் மாற்றினால், தசைநார் பிடித்திருக்கும் துண்டுகள் ஒட்டியாக வேண்டும். முதுமையில் அவை ஒட்டுவது சந்தேகம்.

பிரான்சின் தீஜோன் நகர மருத்துவர் பால் கிராமோன் 1985-ல் மூட்டையே தலைகீழாக்கினார்: பந்து இருந்த இடத்தில் கிண்ணம், கிண்ணம் இருந்த இடத்தில் பந்து. சுற்றுத் தசைநார் கிழிந்திருந்தாலும் தோளின் மேல்தசையே கையைத் தூக்கிவிடும். நார்வேயில் 65 முதல் 85 வயதுவரை உள்ள 124 பேரிடம் பிளேட்டையும் இதையும் ஒப்பிட்டார்கள். இரண்டாம் ஆண்டில், தோளின் செயல்பாட்டுக்கான 100 மதிப்பெண் அளவுகோலில் தலைகீழ் மூட்டுக்கு 68, பிளேட்டுக்கு சுமார் 55. எழுபதைத் தாண்டியவருக்கு, கடுமையான முறிவென்றால், என் ஓட்டு இதற்கே.

“ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும்? செய்தால், பிளேட் ஏன், மூட்டு மாற்று ஏன்?” என்று டாக்டரிடம் கேளுங்கள். மூட்டு நழுவாமல், ரத்தக்குழாய் அடிபடாமல் இருந்தால், யோசிக்கச் சில நாள் அவகாசம் உண்டு.