குறியீட்டு அளவையியலும் அனுமான விதிகளும்

மலையில் புகை தோன்றுகிறது. ஆகவே அங்கு நெருப்பு உண்டு. இஃது இந்தியத் தருக்க நூல்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் எடுத்துக்காட்டாகும். இம்முடிவு சரி என்பதை எவரும் ஒப்புவர். ஆயினும், இதனைப் போலவே தோன்றும் பிழையான முடிவுகளும் உள. இரண்டையும் ஐயமறப் பிரித்தறியக் குறியீடுகள் துணைசெய்கின்றன.

மெய் அல்லது பொய் எனக் கொள்ளத்தக்க வாக்கியம் கூற்று எனப்படும். ‘புகை உண்டு’ என்பதைப் ‘பு’ எனவும், ‘நெருப்பு உண்டு’ என்பதை ‘நெ’ எனவும் குறிப்போம். ¬ என்பது மறுப்பையும், ∧ என்பது ‘உம்’ என்னும் இணைப்பையும், ∨ என்பது ‘அல்லது’ என்பதையும், → என்பது ‘ஆயின்’ என்பதையும் குறிக்கும்.

புகை, நெருப்பு இவற்றின் உண்மை, இன்மைகளைச் சேர்த்து நோக்கின் நான்கு நிலைகள் கிடைக்கும். ‘பு → நெ’ என்னும் கூற்று, நெருப்பின்றிப் புகை இருத்தலாகிய ஒரு நிலையை மட்டுமே விலக்குகிறது. எஞ்சியவை மூன்று: இரண்டும் உண்டு, நெருப்பு மட்டும் உண்டு, இரண்டும் இல்லை.

இம்மூன்றனுள் புகை உள்ள நிலை ஒன்றே. அதில் நெருப்பும் உண்டு. எனவே,

பு → நெ, பு, ∴ நெ.

இது முதல் அனுமான விதி. நெருப்பில்லாத நிலையும் ஒன்றே. அதில் புகையும் இல்லை. எனவே,

பு → நெ, ¬நெ, ∴ ¬பு.

இஃது இரண்டாம் விதி. ஆனால், நெருப்புள்ள நிலைகள் இரண்டு. ஆதலின், நெருப்பைக் கண்டு புகை உண்டு என முடிவு கூறுதல் பிழை. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்று பண்டைத் தருக்க நூலோர் இதனை விளக்கினர்.

‘மலேரியா கண்டால் காய்ச்சல் வரும், இவருக்குக் காய்ச்சல் உள்ளது, ஆகவே இது மலேரியா’ என்று கொள்வதும் இப்பிழையே. காய்ச்சலுக்குக் காரணம் பல. ஆகவேதான், நோயை உறுதிசெய்ய இரத்தச் சோதனை வேண்டப்படுகிறது. அறிவியற் கொள்கைகளுக்கும் இது பொருந்தும். ஒரு கொள்கை முன்கூட்டி உரைத்தது நிகழ்ந்தமையால் மட்டும் அது மெய்யென நிறுவப்பட்டதாகாது.

கூற்றுகளைக் கணிதமுறையில் ஆளும் வழியை ஆங்கிலக் கணித அறிஞர் ஜார்ஜ் பூல் 1847, 1854 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களில் வகுத்தார். மின்சாவிகளின் இணைப்புகளும் இக்கணிதத்திற்கு அடங்கும் என்பதை அமெரிக்கரான கிளாட் ஷானன் 1937ஆம் ஆண்டு தம் ஆய்வேட்டில் காட்டினார். தொடராக இணைந்த இரு சாவிகளும் மூடினால்தான் மின்னோட்டம் செல்லும், அது ∧. பக்க இணைப்பில் ஒன்று மூடினும் போதும்; அது ∨. இன்றைய கணிப்பொறிகளின் சுற்றுகள் இவ்வடிப்படையிலேயே அமைந்துள்ளன.